டைமர்களைச் சோதிக்கும்போது நாங்கள் திரும்பத் திரும்ப விடும் பிழைகள்

வட்டக்கச்சியில் ஒரு அண்ணையின் தோட்டத்துக்கு, கிணற்று மோட்டாரை 20 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவதற்காக நோட் ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே ஓட்டும் தளம்) சின்ன நிரல் ஒன்று எழுதி ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் போட்டுக் கொடுத்திருந்தேன். என் மடிக்கணினியில் எல்லாச் சோதனையும் பாஸ். ஒரு நாள் கரண்ட் மூன்று மணி நேரம் போய் வந்தது, மோட்டார் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நின்றுவிட்டது. மிளகாய்க் கன்றுகள் அன்று காய்ந்தன. பிழை முழுக்க என்னுடையது: தொடங்கிய நேரத்தை டேட்.நவ் (கணினியின் நாட்காட்டி நேரத்தைத் தரும் கட்டளை) மூலம் எடுத்து, நொடிக்கொரு தடவை கழித்துப் பார்த்து, 20 நிமிடம் தாண்டினால் நிறுத்து என்று எழுதியிருந்தேன். அந்த ராஸ்பெரி பையில் கரண்ட் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. திரும்ப எழும்பும்போது கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து தொடங்கும், இணையம் கிடைத்ததும் ஒரே தாவலில் சரியான நேரத்துக்குப் போகும். அந்தத் தாவலை என் நிரல் மோட்டார் ஓடிய நேரமாக எண்ணிவிட்டது.

எனவே எவ்வளவு நேரம் கடந்தது என்று அளக்க டேட்.நவ் வேண்டாம், நிரல் தொடங்கியதிலிருந்து கடந்த நேரத்தைத் தரும் பெர்ஃபாமன்ஸ்.நவ் எடுங்கள், அது பின்னுக்கும் போகாது, தாவவும் தாவாது. இவ்வளவு நேரம் கழித்து இதை ஓட்டு என்று டைமர் வைக்கும் நோட்டின் செட்டைம்அவுட்டும் உள்ளுக்குள் அப்படிப்பட்ட கடிகாரத்தைத்தான் பார்க்கிறது. காலை 6 மணிக்குத் தொடங்கு என்பது போன்ற வேலைக்கு மட்டும் நாட்காட்டி நேரம்.

அடுத்தது, நான் பார்த்த சோதனைகளில் பாதிக்குமேல் இருக்கும் பிழை. 100 மில்லிநொடி டைமர் வைத்து, 100க்கும் 105க்கும் இடையில் ஓடியதா என்று சரிபார்ப்பது. நீங்கள் கொடுக்கும் எண் குறைந்தது இவ்வளவு என்று மட்டும்தான் சொல்கிறது, முன்னால் ஒரு கனமான கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் 300 கூட ஆகும். மறுபக்கம், மில்லிநொடியாக முழுமைப்படுத்துவதால் டேட்.நவ் வைத்து அளந்தால் சில வேளை 99 என்றும் வரும். நிஜ நேரத்துக்குக் காத்திருக்காமல் நேரத்தை நாமே தள்ளக்கூடிய போலிக் கடிகாரம் வையுங்கள், ஜெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் இருக்கிறது, நோட்டின் சொந்தச் சோதனைக் கருவியிலும் 20.4 பதிப்பிலிருந்து இருக்கிறது.

ஆனால் போலிக் கடிகாரத்திலும் ஒரு பொறி உண்டு. நேரத்தை 5 நொடி தள்ளினால் டைமர்கள் ஓடும், ஆனால் அவற்றுக்குப் பின்னால் அவெய்ட் போட்டுக் காத்திருக்கும் வரிகள் அந்த நொடியில் ஓடாது. நொடிக்கொரு தடவை தூங்கி எழும் ஒரு லூப்பை இப்படிச் சோதித்தால் ஒரு சுற்றோடு நின்றுவிடும், நிரலில்தான் பிழை என்று நினைத்து இரவு முழுக்கத் தேடுவீர்கள். ஜெஸ்ட்டில் இதற்கென்றே, காத்திருக்கும் வரிகளையும் ஓடவிடும் அசிங்க் வகை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். சோதனை முடிந்ததும் நிஜக் கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சோதனை காரணமில்லாமல் விழும்.

30 நாளில் உரம் போடச் சொல்லி நினைவூட்ட நேரடியாக டைமர் வைக்காதீர்கள். உச்ச அளவு 2147483647 மில்லிநொடி, அதாவது 25 நாளுக்குச் சற்றுக் குறைவு. அதைத் தாண்டினால் நோட் ஒரு எச்சரிக்கை காட்டிவிட்டு 1 மில்லிநொடியில் ஓட்டிவிடும். உரம் போடவேண்டிய தேதியை எங்காவது எழுதி வைத்து, தினமும் ஒரு தடவை பாருங்கள்.

சரி, வேகம். நோட் ஒரே கால அளவுள்ள டைமர்களை ஒரே பட்டியலில் வரிசையாகக் கோத்து வைக்கிறது, எனவே 10,000 இணைப்புக்கும் ஒரே 30 நொடி டைமர் என்றால் சேர்ப்பதும் எடுப்பதும் மிக மலிவு. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு எண் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல். வேகத்தை அளக்கும் பலர் ஒரே எண்ணை வைத்து அளந்துவிட்டு, உண்மை நிரலில் சீரற்ற எண்கள் கொடுக்கிறார்கள். உங்கள் நிரல் கொடுக்கும் எண்களையே அளவீட்டிலும் கொடுங்கள். ஒவ்வொரு தரவு வரும்போதும் பழைய டைமரை அழித்துப் புதிது போடுவதை விட, அதே டைமரை முதலிலிருந்து எண்ண வைக்கும் ரெஃப்ரெஷ் போதும், புதுப் பொருள் உருவாகாது.

ப்ராமிஸ்.ரேஸ் மூலம் (வேலையையும் டைமரையும் சேர்த்து ஓடவிட்டு, முந்துவதை எடுப்பது) காலக்கெடு வைப்பவர்கள் வேலை முந்தி முடிந்ததும் டைமரை அழிக்கும் கிளியர்டைம்அவுட் செய்ய மறக்கிறார்கள். அந்த டைமர் தன் நேரம் வரும்வரை நினைவகத்தைப் பிடித்துக்கொண்டே கிடக்கும், சோதனையும் முடியாமல் தொங்கும். அதைக் கட்டாயமாக மூடவைக்கும் தெரிவைப் போட்டு மறைக்காதீர்கள். இந்த டைமருக்காகக் காத்திருக்காதே என்று சொல்லும் அன்ரெஃப் கூட நிரலை மூட விடுமே தவிர டைமரை அழிக்காது.

மோட்டார் ஓடவேண்டிய மீதி நேரத்தை, குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் செட்இன்டர்வலில் ஒவ்வொன்றாகக் குறைத்துக் காட்டுவதும் வேண்டாம். அண்ணையின் போனில் அப்படித்தான் காட்டினேன், அவர் வேறு பக்கத்துக்குப் போய் வந்தால் எண் பின்தங்கி நின்றது. மறைந்திருக்கும் பக்கத்தின் டைமர்களை உலாவிகள் நொடிக்கு ஒன்றாகக் குறைக்கும், 2021 இல் வந்த குரோம் 88 இலிருந்து 5 நிமிடத்துக்குப் பிறகு நிமிடத்துக்கு ஒன்றாகவும் குறைக்கலாம். இப்போது பக்கம் திரும்பத் தெரிந்தவுடன் மீதி நேரத்தை ராஸ்பெரி பையிடமே கேட்டு வாங்குகிறது.