சாய்தளம் கேட்டு மனுவா? முதலில் டேப்பை எடுங்கள்

எங்கள் ஊர் அலுவலகம் ஒன்றில் சாய்தளம் கேட்டு முதல் மனுவை ஓர் அறக்கட்டளையின் லெட்டர்பேடில் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து விழா நடந்தது: ஆறு சக்கர நாற்காலி, ஆளுக்கொரு சால்வை, ஏகப்பட்ட போட்டோ. புது நாற்காலியில் உட்கார்ந்தபடி அதே மூன்று படிகளுக்குக் கீழே காத்திருந்தோம்.

அதனால், மனுவில் படியேற முடியாதவர்களே கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டானாலும் சரி. அறக்கட்டளை வேண்டாமென்று சொல்லவில்லை. ஜெராக்ஸ், ஆட்டோ வாடகை, சைகைமொழி பெயர்ப்பாளர், கூடிப் பேச தரைத்தளத்தில் ஓர் அறை, இதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். அதிகாரியிடம் பேசுவது மட்டும் நாமாக இருக்க வேண்டும். அறக்கட்டளைக்காரர்கள் சங்கடமும் புரிகிறது. அடுத்த முகாமுக்கு அதே அதிகாரியிடம்தானே அனுமதி வாங்க வேண்டும்?

எழுதுமுன் படியை அளந்துவிடுங்கள். ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். எங்கள் மூன்று படியும் சேர்ந்து ஒன்றரை அடி. ஆக 18 அடி. இடமில்லை என்பார்கள். நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். கணக்கை மனுவிலேயே எழுதாவிட்டால் மேஸ்திரி ஆறடியில் முடித்துவிடுவார். அது சறுக்குமரம். அப்படியொன்றில் ஏறப்போய் என் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. பின்னால் அண்ணி பிடித்ததால் மண்டை தப்பியது.

'தயவுகூர்ந்து' வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 45 என்று எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் சரிசெய்யச் சொல்கிறது அது. விதிகள் வந்தது 2017இல். கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் நேரில் கொடுத்து, மனு எண்ணோடு ரசீது வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு ஒரு நகல். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின விழாவுக்குச் சற்று முன்பு கொடுத்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும். எங்கள் அனுபவம் அது.

அப்புறமும் சத்தமில்லையா? 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 'ஏன் கட்டவில்லை' என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். 'இந்த எண்ணுள்ள மனு மீது எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை, கோப்பு நகல் தருக' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

எங்களுக்கு 27ஆம் நாள் ஓர் ஓவர்சியர் வந்தார். நின்ற இடத்திலிருந்தே பார்த்து, "பத்தடி போதும்மா" என்றார். என் பையிலிருந்த டேப்பின் ஒரு முனையை நீட்டினேன். "இதைக் கொஞ்சம் பிடிங்க சார்."