தாலமியின் மதுரை வியட்நாமில் இருக்கிறது: பழைய வரைபடத்தை வைத்து ஊர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்குப் பழைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி இடம் குறித்திருக்கிறார். 'பாண்டியனின் தலைநகர் மொதுரா', கிழக்கே 125 டிகிரி, வடக்கே 16 டிகிரி 20 நிமிடம். இதை அப்படியே கைப்பேசியில் தட்டினால் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே நடுக்கடலில் நிற்பீர்கள். அவர் இன்று நாம் அளப்பதுபோல் கிரீன்விச்சிலிருந்து அளக்கவில்லை, அதற்கு மேற்கே உள்ள கானரித் தீவுகளிலிருந்து அளந்தார் என்பது தெரிந்தவர்கள் ஒரு 18 டிகிரி கழித்துப் பார்ப்பார்கள். கரையேறிவிடலாம், ஆனால் வியட்நாமின் ஹுவே நகருக்குப் பக்கத்தில்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால், இதே கணக்கை வைத்துக்கொண்டு 'தொலைந்த துறைமுகம் எங்கள் ஊர்தான்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணை எண்ணாக நம்புவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். தாலமி கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து எழுதியவர். இந்தியப் பக்கம் வந்ததில்லை. மாலுமிகளும் வணிகர்களும் சொன்ன பயணக் கணக்கை டிகிரியாக மாற்றினார். அவருக்கு முந்தைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவை 2,52,000 ஸ்டேடியா (கிரேக்க நீள அளவு) என்றிருக்க, இவர் 1,80,000 என்ற சிறிய கணக்கை எடுத்துக்கொண்டார். பூமி சுருங்கியது, டிகிரிகள் பெருகின. மேற்குக் கடற்கரை தெற்கே இறங்காமல் கிழக்கே படுத்துக்கொண்டது. இலங்கையோ பல மடங்கு ஊதிவிட்டது.

அப்படியென்றால் அது குப்பையா? இல்லை. அவரிடம் புள்ளியைக் கேட்கக் கூடாது, வரிசையைக் கேட்க வேண்டும். கொல்கோய் (கொற்கை), பிறகு கோரி முனை, பிறகு காவிரி வாயில் கபேரிஸ், அதற்கும் அப்பால் பொதுகே (புதுச்சேரிப் பக்கம் என்பார்கள்). கரையோரமாகக் கப்பலில் வருகிறவன் சொல்லும் வரிசை இது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தாலமிக்கு முந்தைய பெரிப்ளூஸ் என்ற கடற்பயணக் குறிப்பு கமரா, பொதுகே, சொபட்மா என்று அடுக்குகிறது. தாலமியோ சொபுராஸை பொதுகேக்கு முன்னால் வைக்கிறார். சொபட்மாவும் சொபுராஸும் ஒரே ஊர் என்று எடுத்துக்கொண்டால் இருவரில் ஒருவர் வரிசையைக் குழப்பியிருக்கிறார். ஒரே ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு இது கண்ணிலேயே படாது.

இன்னொன்று: 'தாலமி வரைபடம்' என்று நாம் பார்ப்பது தாலமி காலத்து வரைபடமே அல்ல. படத்தோடு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் கி.பி. 1300-ஐ ஒட்டியவை. கிரேக்கர்கள் எண்களை எழுத்துகளால் குறித்தார்கள். ஆல்ஃபா 1, டெல்டா 4. பெரிய எழுத்தில் இரண்டும் முக்கோணச் சாயல்தான். ஏடு பெயர்த்த கை கொஞ்சம் சறுக்கினால் ஊர் மூன்று டிகிரி நகர்ந்துவிடும். முசிறியை அகஸ்டஸ் கோயிலோடு காட்டும் பியூடிங்கர் என்ற ரோமானியச் சாலை வரைபடமும் 1200 வாக்கில் எடுத்த நகல்தான். ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம், ஒரு முழத்துக்கும் குறைந்த உயரம். அதில் அடிக்கோல் வைத்துத் தூரம் அளப்பது வீண் வேலை.

பெயர் ஒலிப்பு என்ற மோகத்துக்கு வருவோம். 'கேரோபோத்ரோஸின் தலைநகர் கரூரா' என்கிறார் தாலமி. கேரோபோத்ரோஸ் சேர மன்னன் என்பதில் சண்டையில்லை. கரூரா எது என்பதில்தான் தலைமுறை தலைமுறையாகச் சண்டை: அமராவதிக் கரையில் இருக்கும் இன்றைய கரூர் நகரமா, கொடுங்கல்லூர்ப் பக்கமா? பெயர் ஒத்துப்போகிறது என்பது மட்டும் கரூருக்குப் போதியிருக்காது. ஆற்றில் கிடைத்த ரோமானியக் காசுகளும், பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேர அரசர்களைப் பெயர் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும்தான் அந்தப் பக்கம் எடை சேர்த்தன. தாலமி பட்டியலில் 'நிகமா' என்றதும் நாகப்பட்டினம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் நிகமம் என்றால் வணிகக் குழு. மதுரைப் பக்கத்து மாங்குளம் கல்வெட்டிலேயே 'வெள்அறை நிகமத்தோர்' வருகிறார்கள். பொதுப்பெயரை ஊர்ப்பெயராக யாரோ எழுதிக்கொண்டிருக்கவும் கூடும்.

துறைமுகத்தை இன்றைய கடற்கரையில் தேடாதீர்கள். கொற்கை இப்போது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல் நடுவே இருக்கிறது. முசிறியை வெகுகாலம் கொடுங்கல்லூரில் தேடினார்கள். தோண்டியதில் பிற்காலப் பொருள்களே வந்தன. அதற்குத் தெற்கே பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில்தான் மது, எண்ணெய் ஏற்றிவந்த ஆம்போரா சாடித் துண்டுகளும், படகுத் துறையும், மரப் படகும் வெளிப்பட்டன. அதுவே முசிறி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வரைபடத்தில் இல்லாததால் ஊரே இல்லை என்று முடிவுகட்டுவது இதற்கு நேரெதிரான தவறு. கீழடியைக் காட்டிய பழைய வரைபடம் எதுவும் இல்லை. 2013-14-இல் மத்தியத் தொல்லியல் துறையினர் வைகைக் கரையோரம் ஊர் ஊராக நடந்து 293 இடங்களைக் குறித்தார்கள். அதில் ஒன்றுதான் கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல். அந்நியக் கப்பல்காரனுக்குத் துறைமுகமும் தலைநகரும் போதும், உள்நாட்டு ஊரைப் பற்றி அவனுக்கு என்ன கவலை?

அதனால் தாலமியை மூடிவைத்துவிட்டு கிராம வரைபடத்தை விரியுங்கள். திடல், மேடு, நத்தம் என்று முடியும் புலப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவரிடம், 'உழும்போது பானை ஓடு எங்கே வரும்?' என்று கேளுங்கள். கருப்பு சிவப்பு ஓட்டுச்சில் கிடந்தால் கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மண்வெட்டி வேண்டாம், மெட்டல் டிடெக்டரும் வேண்டாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவித்தாக வேண்டும்.