பீரோவில் பூசணம் பூத்த தோல் பையை மீட்பது எப்படி?

சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட துணியே காய்வதில்லை. அந்த இரண்டு மாதமும் பீரோவின் அடித்தட்டில் கிடந்த என் தோல் பையைத் தை பிறந்து எடுத்தபோது, வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருந்தது. பதறிப்போய் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். பளிச்சென்று ஆனது. நாலாம் நாள் தையல் ஓரமெல்லாம் மறுபடி பூத்தது. நீங்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம். முதல் வேலை உலர்ந்தபடியே தட்டி எடுப்பதுதான்.

அதற்கும் முன்னால், அது பூசணம்தானா என்று பாருங்கள். தோலைப் பதப்படுத்தும்போது ஏற்றிய எண்ணெய், கொழுப்பு சில சமயம் வெளியே கசிந்து வெள்ளையாகப் படியும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டினால் அந்தப் படிவு உருகி மறைந்துவிடும். பூசணம் உருகாது, புள்ளி புள்ளியாக இருக்கும், மக்கிய வாடையும் அடிக்கும். மேல்தோல் செதில் செதிலாக உரிகிறதா? அப்படியானால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ரெக்சின். அதை மீட்க முடியாது, விட்டுவிடுங்கள்.

1. தட்டுதல். மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூள் மற்ற பொருள்களிலும் போய் உட்காரும். மென்மையான பிரஷ் போதும். தையல், ஜிப் ஓரம், உள் துணி எதையும் விடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

2. துடைத்தல். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிக்குச் சரி. முதலில் பையின் அடியில் ஓரிடத்தில் தொட்டுப் பாருங்கள். சில தோலில் சாயம் வந்துவிடும். வராவிட்டால் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, லேசாகத் துடையுங்கள். தோல் ஊறக் கூடாது. பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. வெல்வெட் மாதிரி மெத்தென்றிருக்கும் ஸ்வேட் தோலுக்கு இது ஒத்துவராது, பிரஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. உலர்த்தல். உள்ளே வெள்ளைத்தாளைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக்கடியில் நிழலில் ஒன்றிரண்டு நாள். உச்சி வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும்.

4. பதம். ஆல்கஹால் தோலின் எண்ணெய்ப்பசையையும் கொஞ்சம் எடுத்துவிடும். லெதர் கண்டிஷனரை மெல்லிசாகத் தடவி, அரை மணி கழித்து உலர்ந்த துணியால் தேய்த்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாமா என்று வீட்டில் கேட்பார்கள். வேண்டாம், நிறம் கறுக்கும், பிசுபிசுப்பில் தூசி ஒட்டும்.

ஆழமாக இறங்கிய கறுப்புப் புள்ளிகள் முழுசாகப் போகாது. என் பையில் இன்னும் இரண்டு இருக்கின்றன.

அப்புறம், எடுத்து வைப்பது. காற்றில் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் தோலில் எப்போது வேண்டுமானாலும் பூக்கும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை இழுக்காது. பிளாஸ்டிக் கவரில் மூடாதீர்கள், பழைய தலையணை உறை போதும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பீரோ கதவைத் திறந்து வைத்து ஃபேனைப் போட்டுவிடுங்கள்.