முதல் எல்க் வில்வேட்டைக்கு அம்பு முனையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கொலராடோ மலைச்சரிவுகளில் ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும் செப்டம்பர் மாதம்தான் எல்க் மான்களுக்கான வில்வேட்டைப் பருவம். ஆண் எல்க்குகள் இணை தேடிக் கூவித் திரியும் காலம் அது என்பதால், பொறுமையுள்ள வேட்டைக்காரர் ஒருவர் முப்பது நாற்பது கெஜத் தொலைவுக்குள் அவற்றை நெருங்க முடிகிறது. அந்த ஒரு வாய்ப்புக்காக வில், உடை, காலணி என்று பல மாதங்கள் ஆயத்தம் செய்பவர்கள்கூட, விலங்கின் உடலைத் தொடப்போகும் ஒரே பொருளான அம்பு முனையைப் புறப்படுவதற்கு முந்தைய வாரம் கடைக்குப் போய் வாங்கிவருவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவற்றைத் தவிர்ப்பதற்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துள்ளது. இங்கே சொல்லப்படுவது, அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் முறையான உரிமம் பெற்று, கப்பிகள் பொருத்திய நவீன வகையான காம்பவுண்ட் வில்லோடு முதல்முறையாக எல்க் வேட்டைக்குச் செல்பவர்களுக்கு உரியது.

பயிற்சியின்போது அம்பின் நுனியில் திருகும் உருண்டையான முனையை ஃபீல்டு பாயின்ட் என்றும், வேட்டைக்குரிய, அலகுகள் (வெட்டும் தகடுகள்) கொண்ட கூரிய முனையைப் பிராட்ஹெட் என்றும் சொல்வார்கள். துப்பாக்கிக் குண்டு தன் வேகத்தின் அதிர்ச்சியாலும் திசுக்களைச் சிதைக்கிறது. அம்பு அப்படியல்ல, அது அறுத்துக்கொண்டு மட்டுமே செல்கிறது. ஆகவே எவ்வளவு ஆழம் அறுக்கிறது, எவ்வளவு கூர்மையாக அறுக்கிறது, நீங்கள் நினைத்த இடத்தில் அறுக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவதே பிராட்ஹெட் தேர்வு.

படி 1: விலங்கின் உடலை மனத்தில் வையுங்கள்

முழு வளர்ச்சியடைந்த ராக்கி மலை ஆண் எல்க் ஏறக்குறைய 700 பவுண்டு, அதாவது 315 கிலோ எடை இருக்கும். பெண் எல்க் 500 பவுண்டு அளவில் இருக்கும். வெள்ளைவால் மானை வேட்டையாடிப் பழகியவர்களுக்கு இது வேறொரு உலகம். தோல் தடிப்பானது, விலா எலும்புகள் அகலமானவை, அவற்றுக்குப் பின்னே நுரையீரல் பெரியது. முன்காலுக்குச் சற்றுப் பின்னே, மார்பின் அடிக்கோட்டிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அம்பு நுழைந்து, இரண்டு நுரையீரல்களையும் கடந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். நுழைந்த துளை ஒன்று மட்டும் இருந்தால் இரத்தம் உடலுக்குள்ளேயே தேங்கிவிடக்கூடும். வெளியேறிய துளையும் இருந்தால்தான் தரையில் தடம் விழும், நீங்களும் பின்தொடர முடியும். எல்க் வேட்டையில் அறுப்பகலத்தைவிட ஊடுருவும் திறனுக்கு நான் முதலிடம் கொடுப்பது இதனால்தான்.

படி 2: மாநில விதிகளைப் படியுங்கள்

கடைக்குப் போகும் முன் அந்த ஆண்டுக்குரிய விதிப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கொலராடோவில் பிராட்ஹெட்டின் வெளிவிட்டம் குறைந்தது 7/8 அங்குலம் (சுமார் 22 மில்லிமீட்டர்) இருக்க வேண்டும். எஃகாலான வெட்டு விளிம்புகள் குறைந்தது இரண்டு வேண்டும். ஒவ்வொரு விளிம்பும் தன் முழு நீளத்துக்கும் ஒரே தளத்தில் அமைந்திருக்க வேண்டும். திருகுபோல் வளைந்த அலகுகளை வாங்குபவர்கள் சிக்கிக்கொள்வது இந்தக் கடைசி நிபந்தனையில்தான். ஐடஹோ, ஒரேகான் போன்ற மாநிலங்கள், உடலில் பட்டதும் அலகு விரியும் வகை முனைகளை நெடுங்காலம் அனுமதிக்காமல் இருந்தன. விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால், நண்பர் சொன்னார் என்று நம்பி வாங்க வேண்டாம்.

படி 3: உங்கள் அம்பின் வலுவைக் கணக்கிடுங்கள்

எந்த முனை நல்லது என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் வில்லும் அம்பும் எவ்வளவு வலுவைத் தருகின்றன என்பதை அறிந்தாக வேண்டும். அம்பின் மொத்த எடையை, முனையோடு சேர்த்து, கிரெயின் அளவில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம். அம்பின் வேகத்தை வில்வித்தைக் கடையிலுள்ள வேகமானியில் அளந்துகொள்ளலாம். எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 4,50,240-ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: 450 கிரெயின் அம்பு வினாடிக்கு 250 அடி வேகத்தில் சென்றால் ஆற்றல் ஏறத்தாழ 62 அடி-பவுண்டு. எல்க் போன்ற பெரிய விலங்குகளுக்கு 42 முதல் 65 அடி-பவுண்டு வரை வேண்டும் என்று அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை சொல்வதால், இது போதுமானது. இப்போது 400 கிரெயின் அம்பை 265 அடி வேகத்தில் எய்தால் என்ன ஆகும்? அதுவும் கிட்டத்தட்ட அதே 62 அடி-பவுண்டுதான். ஆனால் எடையையும் வேகத்தையும் வெறுமனே பெருக்கிப் பார்த்தால் முதல் அம்புக்கு 1,12,500, இரண்டாவதற்கு 1,06,000 என்று வருகிறது. இந்தப் பெருக்கற்பலன் உந்தத்தின் அளவு. விலாவையும் தசையையும் தள்ளிக்கொண்டு மறுபக்கம் போக உதவுவது உந்தமே. அதனால் கனமான அம்பையே நான் தேர்ந்தெடுப்பேன். முதல் எல்க் வேட்டைக்கு 425 முதல் 500 கிரெயின் வரையிலான அம்பு பொருத்தமாக இருக்கும். கனமான எலும்பை உடைத்துச் செல்ல 650 கிரெயின் வேண்டும் என்று, அம்புகளின் ஊடுருவலை ஆராய்ந்த எட் ஆஷ்பி தம் களச் சோதனைகளின் அடிப்படையில் வாதிட்டார். அது மதிக்கத்தக்க ஆய்வு என்றாலும், அவ்வளவு கனமான அம்பு தொலைவு கூடக்கூட வேகமாகத் தாழும் என்பதால், தொலைவை மதிப்பிடும் கண் இன்னும் பழகாத புதியவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

படி 4: முனையின் வகையை முடிவு செய்யுங்கள்

பிராட்ஹெட்டுகளை நிலையான அலகு கொண்டவை, விரியும் அலகு கொண்டவை என்று இரண்டாகப் பிரிக்கலாம்.

விரியும் முனை பறக்கும்போது அலகுகளை ஒடுக்கி வைத்திருக்கும். உடலில் பட்டதும் அவை விரிந்து ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை அகலமாக அறுக்கும். காற்று பிடிக்கும் பரப்பு குறைவு என்பதால் அது ஃபீல்டு பாயின்ட்டைப் போலவே நேராகப் பறக்கும். இந்த இரண்டு நன்மைகளும் உண்மையானவை. 70 பவுண்டு இழுவிசை கொண்ட வில்லும் நீண்ட இழுப்பும் உடையவர்கள் இதைக் கொண்டு ஆண்டுதோறும் எல்க்குகளை வீழ்த்தத்தான் செய்கிறார்கள். ஆனால் அலகுகளைத் திறப்பதற்கும் அகலமாக அறுப்பதற்கும் அம்பின் ஆற்றலில் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. அலகுகளைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் கழுத்துப்பட்டையோ, புதர்களுக்கிடையே நாள் முழுவதும் நடக்கும்போது நழுவிவிட்டால், எய்த உடனே அலகு காற்றில் விரிந்து அம்பின் பாதை கெடும். உடலைச் சாய்வாகத் தொடும் அம்பில் ஒரு பக்க அலகு முந்தித் திறப்பதும் உண்டு.

நிலையான அலகில் அசையும் பாகம் எதுவும் இல்லை. அறுப்பகலம் ஒன்று முதல் ஒன்றே கால் அங்குலம் வரைதான்; ஆனால் அந்த அகலத்தை அது முதல் நொடியிலிருந்து கடைசி வரை மாறாமல் அறுக்கும். முதல் எல்க் வேட்டைக்குச் செல்பவர் இந்த வகையையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதியவரின் வில் பெரும்பாலும் 55, 60 பவுண்டு அளவில்தான் இருக்கும். இதயம் படபடக்க எய்யும் அம்பு நினைத்த இடத்திலிருந்து நான்கு விரற்கடை முன்னே போய்த் தோள்பட்டை எலும்பின் ஓரத்தைத் தொடவும் கூடும். அந்த நேரத்தில் வளையாமல் நிற்கும் முனையே உங்களுக்குத் துணை.

நிலையான வகையை வாங்கும்போது அதன் கட்டுமானத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே எஃகுத் துண்டில் கடைந்தெடுத்த முனைகள் உறுதியானவை. அலகை மட்டும் கழற்றி மாற்றக்கூடியவை மலிவானவை, புதிய அலகு எப்போதும் கூராக இருக்கும் என்ற வசதியும் அவற்றுக்கு உண்டு. ஆனால் நடுத்தண்டு அலுமினியமா எஃகா என்று கேளுங்கள், எஃகாக இருந்தால் நல்லது. நுனியிலிருந்தே வெட்டு விளிம்பு தொடங்கும் முனை, தோலைத் துளைக்க அதிக வலுவைக் கேட்பதில்லை. உளி போன்ற முப்பட்டை நுனி எலும்பில் தாக்குப்பிடிக்கும், ஆனால் முதலில் குத்தி, பிறகுதான் அறுக்கத் தொடங்கும். 50 பவுண்டுக்குக் குறைந்த வில் வைத்திருப்பவர்கள் நுனியிலிருந்தே வெட்டும் இரட்டை அலகு முனையைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். மற்றவர்களுக்கு மூன்று அலகுகளோ, இரண்டு பெரிய அலகுகளோடு குறுக்கே இரண்டு சிறிய அலகுகள் சேர்ந்ததோ இரத்தத் தடத்துக்கு உதவும்.

படி 5: எடை

கடைகளில் 100 கிரெயின், 125 கிரெயின் முனைகள் எளிதாகக் கிடைக்கும். எதை எடுத்தாலும் உங்கள் ஃபீல்டு பாயின்ட்டின் எடையும் அதுவாகவே இருக்க வேண்டும். 100-லிருந்து 125-க்கு மாறினால், எய்யும்போது அம்பின் தண்டு முன்னைவிட அதிகம் வளையும். எனவே தண்டின் விறைப்பு எண் அந்த எடைக்குப் பொருந்துகிறதா என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: சுழற்றிப் பாருங்கள், பிறகு எய்து பாருங்கள்

முனையைத் தண்டில் திருகும்போது அதற்கென்று வரும் சாவியைப் பயன்படுத்துங்கள். வெறும் விரலால் இறுக்கப் போய் மருத்துவமனைக்குச் சென்றவர்கள் உண்டு. பிறகு மேசையில் ஒரு மரக்கட்டையை வைத்து, அதன்மேல் முனையின் நுனி ஊன்றியிருக்கும்படி அம்பைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையே மெல்ல உருட்டிச் சுழலவிடுங்கள். முனையும் தண்டும் சேரும் இடத்தை மட்டும் பாருங்கள். சரியான அம்பில் அந்த இடம் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். கோணலாக இருந்தால் அங்கே ஒரு மங்கலான நடுக்கம் தெரியும், கட்டையில் ஊன்றிய நுனியிலிருந்து மெல்லிய அதிர்வு உள்ளங்கைக்கும் வந்துசேரும். என் முதல் பருவத்துக்காக வாங்கிய ஒரே பெட்டியின் மூன்று முனைகளில் ஒன்று இப்படித்தான் நடுங்கியது. அதை அப்போது பொருட்படுத்தாமல் விட்டதால், நாற்பது கெஜத்தில் ஓர் அம்பு மட்டும் ஏன் எப்போதும் ஒரு சாண் விலகிப் போகிறது என்று இரண்டு வாரங்கள் என் கைப்பிடியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நடுக்கம் தெரிந்தால் அந்த முனையை வேறொரு தண்டில் மாட்டிச் சுழற்றுங்கள். நடுக்கம் முனையோடு போனால் குறை முனையில், தண்டோடு தங்கினால் குறை தண்டின் நுனியில் ஒட்டியுள்ள இணைப்புத் துண்டில்.

அடுத்து, அடுக்கடுக்கான நுரைப்பஞ்சால் ஆன இலக்கு ஒன்று தேவை. துணிப்பை இலக்குகளைப் பிராட்ஹெட் கிழித்துவிடும். இருபது கெஜத்தில் ஃபீல்டு பாயின்ட்டால் மூன்று அம்புகளை எய்யுங்கள். பிறகு பிராட்ஹெட்டால் மூன்று அம்புகளை, ஒவ்வொன்றையும் வெவ்வேறு புள்ளியை நோக்கி எய்யுங்கள். ஒரே புள்ளிக்கு எய்தால் ஒன்று மற்றொன்றின் இறகை அறுத்துவிடும். இரண்டு தொகுதிகளும் தம்தம் புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் விழுகின்றன என்று ஒப்பிடுங்கள். பிராட்ஹெட்டுகள் இடப்பக்கம் விலகினால் அம்பு தாங்கியை (வில்லில் அம்பு படிந்திருக்கும் பாகத்தை) வலப்பக்கம் நகர்த்துங்கள். கீழே விழுந்தால் தாங்கியை உயர்த்துங்கள். அதாவது ஃபீல்டு பாயின்ட் விழுந்த திசையை நோக்கியே தாங்கி நகர வேண்டும். ஒரு தடவைக்கு 1/32 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தினால் போதும். குறிமானியை மட்டும் திருப்பிப் பிராட்ஹெட்டுக்குச் சரிசெய்துகொண்டால் பிழை மறையுமே ஒழிய, அம்பு கோணலாகவே பறந்து போய் ஊடுருவும் திறனை இழக்கும். இருபதில் இரண்டும் ஒன்றுசேர்ந்த பிறகு முப்பதுக்கும் நாற்பதுக்கும் போங்கள். இந்த வேலைக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்; ஜூலையில் தொடங்கினால் ஆகஸ்டில் நிம்மதியாக இருக்கலாம்.

நாற்பது கெஜத்தில் உங்கள் பிராட்ஹெட்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழவில்லை என்றால், விழும் தொலைவு எதுவோ அதுவே காட்டில் உங்கள் எல்லை.

படி 7: கூர் தீட்டுதல்

நுரைப்பஞ்சில் எய்த அலகு மழுங்கிவிடும். எனவே பயிற்சிக்கென்று ஒரு முனையை ஒதுக்கி, அடையாளம் இட்டுவைத்து, வேட்டைக்குரியவற்றைத் தனியே பாதுகாத்துக்கொள்ளுங்கள். அவற்றையும் ஒவ்வொரு தடவையாவது எய்து பார்த்து, பிறகு தீட்டிக்கொள்ள வேண்டும். கூரைச் சோதிக்க ஒரு ரப்பர் பேண்டை இரண்டு விரல்களுக்கிடையே லேசாக இழுத்துப் பிடித்து அலகின் மேல் வையுங்கள். அழுத்தாமலேயே அது அறுந்தால் போதிய கூர் உள்ளது. இழுபட்டு வழுக்கினால் இல்லை. சவரக் கத்தியின் பதத்தில் அறுபட்ட இரத்தக்குழாய் தடையின்றி ஒழுகும், மழுங்கிய அலகால் கிழிபட்டது விரைவில் உறைந்துகொள்ளும். விலங்கு நொடிகளில் விழுவதா, காயத்தோடு மலை ஏறிப் போவதா என்பது இதில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள அலகை அந்தப் பக்கத்தில் மட்டுமே சாணைக்கல்லில் தீட்டி, மறுபக்கத்தில் எழும் பிசிறைத் தோல்வாரில் இழுத்து அகற்றுங்கள்.

படி 8: அம்பறாத்தூணியில் வைத்தல்

முனைகளை முழுதாக மூடும் கவசம் உள்ள தூணியையே பயன்படுத்துங்கள். சரிவில் வழுக்கி விழும்போது திறந்த அலகைப் போல ஆபத்தானது வேறில்லை. சுழற்றிப் பார்த்து, எய்து பார்த்து, தீட்டிய அம்புகளுக்கு 1, 2, 3 என்று இறகில் எண்ணிடுங்கள். மிக நேராகப் பறப்பது எதுவோ அதற்கே முதல் எண். காட்டில் நாணில் முதலில் ஏற வேண்டியதும் அதுவே. ஒவ்வொரு இரவும் கூடாரத்தில் விளக்கைக் கொளுத்தி, முனைகள் தளர்ந்திருக்கின்றனவா என்று சாவியால் ஒருமுறை பாருங்கள். மழையில் நனைந்திருந்தால் துடைத்து, அலகின் மேல் மெல்லிய எண்ணெய் தடவி, ரப்பர் பேண்டை மறுபடியும் வைத்துப் பாருங்கள்.