அப்பாவை யூராலஜி டாக்டரிடம் அழைத்துப் போகும் முன்

பெங்களூரில் அல்சூரிலிருந்து சிவாஜிநகருக்கு பஸ் ஏறுவதற்குள் அப்பா இரண்டு தடவை பாத்ரூம் போய்வருவார். ராத்திரி நாலு முறை எழுந்திருப்பார். கேட்டால், "வயசானா அப்படித்தான்டா" என்பார். ஒருநாள் மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அன்று இரவு ஒரு சொட்டுகூட வரவில்லை, அடிவயிறு கல்லாகிவிட்டது. எமர்ஜென்சியில் சிறுநீர் வடிய டியூப் போட்ட பிறகுதான் பேசவே முடிந்தது. புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீங்கியிருப்பவர்களுக்குச் சில சளி மாத்திரைகள் இப்படி அடைத்துவிடும். அவ்வளவு தூரம் போக விடாதீர்கள்.

டாக்டரைப் பார்க்கும் முன் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக், ஒரு நோட்டு போதும். அப்பா கூச்சப்பட்டார். நோட்டைப் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி, பென்சிலை நூலில் கட்டிவிட்டேன். யாரும் கேட்காமல் அவரே எழுதினார்: "2.10 – 90 மில்லி. 3.25 – 70." டாக்டர் அந்தப் பக்கத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் ஒரு காரணம். ராத்திரியில் மட்டும் நிறைய வந்தால் சர்க்கரை, இதயம் என்று வேறு பக்கமும் தேட வேண்டும்.

புரோஸ்டேட் எப்படி இருக்கிறதென்று ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பார்கள், ஒரு நிமிஷம்கூட ஆகாது. வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) கூடியிருந்தால் உடனே புற்றுநோய் என்று பதற வேண்டாம். கிருமித்தொற்று இருந்தாலும் டியூப் போட்டிருந்தாலும் கூடும். புரோஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஆறு மாதத்தில் அந்த அளவைச் சுமார் பாதியாக்கிக் காட்டிவிடும். அப்புறம், சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ டெஸ்டுக்கு 150 மில்லியாவது போக வேண்டும். அப்பா வழக்கம்போல வீட்டிலேயே போய்விட்டு வந்ததால் முதல் நாள் வீணானது.

பலருக்கு மாத்திரையே போதும். அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீர்ப்பையில் கல் சேர்ந்தால், சிறுநீரகம் பாதித்தால் ஆபரேஷன் பேச்சு வரும். விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் நெஃப்ரோ யூராலஜி அரசு நிலையம் இருக்கிறது. டி.யு.ஆர்.பி. என்ற புரோஸ்டேட் ஆபரேஷனுக்கு வெளியே கத்தி படாது, சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிப்போவது சகஜம். இதை முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள், தம்பதியாக உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

டியூப் இருக்கும்வரை யூரின் பை இடுப்புக்குக் கீழேயே தொங்கட்டும், தரையில் படக்கூடாது. முக்காமல் மலம் போக வேண்டும், சில வாரம் பாரம் தூக்கக்கூடாது. ஆபரேஷன் முடிந்த 12ஆம் நாள் அப்பாவுக்குச் சிறுநீர் மறுபடி சிவப்பாக வந்து வீடே அரண்டுபோனது. உள்ளே ஆறும் புண்ணின் பொருக்கு உதிரும்போது அப்படி வருமாம்; தண்ணீர் குடிக்கக் குடிக்கச் சாயங்காலத்துக்குள் தெளிந்தது. ரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ, அடைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மட்டும் நடுராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள்.