ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு பெர்மாங்கனேட்டின் செறிவை அறிதல்

ஆக்சாலிக் அமிலம் இரண்டு மூலக்கூறு படிக நீருடன் (படிகத்துக்குள் பிணைந்திருக்கும் நீர்) நிறமற்ற படிகமாகக் கிடைக்கிறது; அதன் மூலக்கூறு நிறை 126.07 ஆகும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் வைத்திருக்கையில் மெல்லச் சிதைவதால், அதன் செறிவை எடையை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், இந்த அமிலத்தைக் கொண்டு சரிபார்ப்பதே முறை.

1.576 கிராம் படிகத்தை எடையிட்டு, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, 250 மி.லி. அளவுக்குடுவையில் குறி வரை நிரப்பினால் 0.05 மோலார் கரைசல், அதாவது லிட்டருக்கு 0.05 மோல் அமிலம் கொண்ட கரைசல், கிடைக்கும். படிகத்தை அடுப்பில் உலர்த்தக் கூடாது. படிக நீர் வெளியேறிவிட்டால் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும்.

இதில் 20 மி.லி. கரைசலைப் பிப்பெட்டால் (குறித்த அளவு திரவத்தை உறிஞ்சி எடுக்கும் குழாய்) கூம்புக் குடுவைக்கு மாற்றி, ஏறத்தாழ அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிய பின், பியூரெட்டிலிருந்து (அடியில் திருகுள்ள அளவுக்குழாய்) பெர்மாங்கனேட்டைத் துளித்துளியாக விட வேண்டும். முதல் துளிகளின் நிறம் மறையத் தாமதமாகும்; வினையில் தோன்றும் மாங்கனீசு அயனியே வினையூக்கியாகிப் பிறகு வேகத்தைக் கூட்டுவது, ஒவ்வொரு முறையும் கவனித்துப் பார்க்கத் தக்க அழகு. பழுப்பு நிறம் தோன்றினால் அமிலம் போதவில்லை என்று பொருள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்த வேண்டாம், குளோரைடும் ஆக்சிஜனேற்றம் அடையும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் அதுவே முடிவுநிலை, அதாவது அமிலம் முழுவதும் வினைபுரிந்து முடிந்த நிலை. 5 மோல் அமிலத்துக்கு 2 மோல் பெர்மாங்கனேட் என்று கணக்கிடலாம்.

 ஆக்சாலிக் அமிலம் நச்சுப்பொருள், சிறுநீரகத்தைத் தாக்கும். ஆகவே பிப்பெட்டை வாயால் உறிஞ்சவே கூடாது.