ஒயின் வாங்கும்போது முதலில் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள்

போன டிசம்பரில் கேக்குக்குப் பழம் ஊறவைக்க ஒரு பாட்டில் மஸ்கடெல், அதாவது ஸ்பிரிட் சேர்த்த இனிப்பு ஒயின், வாங்கி வரச் சொன்னார் பெரியம்மா. டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் நான் எப்போதும் போகும் சூப்பர்மார்க்கெட்டில் ஒயின் ரேக்கை மேலிருந்து கீழே இரண்டு தடவை தேடினேன், இல்லை. தீர்ந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன். அப்படியில்லை, அந்த ரேக்குக்கு அது வரவே வராது.

தென்னாப்பிரிக்காவில் மளிகைக் கடைக்குக் கொடுக்கும் ஒயின் லைசென்ஸில் டேபிள் ஒயின், அதாவது ஸ்பிரிட் சேர்க்காத சாதாரண ஒயின், மட்டும்தான் விற்கலாம். பீர், பிராந்தி, ஸ்பிரிட் சேர்த்த ஒயின் எதுவும் கூடாது. அதனால்தான் பெரிய கடைகள் பக்கத்திலேயே தனி வாசல் வைத்துத் தனியாக ஒரு லிக்கர் கடை நடத்துகின்றன. மஸ்கடெலோ, அதே மாதிரி ஸ்பிரிட் சேர்த்த சிவப்பு ஒயினான கேப் ரூபியோ வேண்டுமென்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

சரி, எது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாட்டிலைத் திருப்பி லேபிளில் ஆல்கஹால் சதவீதத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஸ்பிரிட் சேர்க்காத ஒயினுக்கு உச்சவரம்பு 16.5, ஸ்பிரிட் சேர்த்ததற்கு 22. ஆல்கஹால் ஏற ஏற ஈஸ்ட் தானே செத்துவிடும், தானாகப் புளித்து 15, 16-ஐத் தாண்டுவது கஷ்டம். அதனால் லேபிளில் 17, 18 என்று பார்த்தால் அதில் ஸ்பிரிட் சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் டேபிள் ஒயின்தானே, லேசாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்குக் கவலையே அங்கேதான். வெயிலில் நன்றாகப் பழுத்த திராட்சையில் சர்க்கரை அதிகம், அதனால் கேப் சிவப்பு ஒயின்களில் 14.5 சாதாரணம். கணக்கு எளிது: மில்லிலிட்டரைச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுங்கள், வந்ததை 0.79-ஆல் பெருக்கினால் கிராம். இங்கே ஒரு 'டிரிங்க்' என்றால் 12 கிராம். 750 மில்லி பாட்டில் 12 சதவீதமென்றால் சுமார் 6 டிரிங்க், 14.5 என்றால் 7-க்கு மேல். வீட்டில் ஊற்றுகிற பெரிய கிளாஸ் 250 மில்லி பிடிக்கும், 14.5 ஒயினில் அந்த ஒரு கிளாஸே கிட்டத்தட்ட இரண்டரை டிரிங்க். ஒரே கிளாஸ்தான் குடித்தேன் என்று சொல்லிக் கார் சாவியை எடுக்கிற அண்ணன்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

அப்புறம், காவடி விரதத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆல்கஹால் நீக்கிய ஒயின் என்று விற்பதில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். முழுக்க வேண்டாமென்றால் திராட்சை ஜூஸையே வாங்குங்கள்.

பெரியம்மாவின் மஸ்கடெல் பக்கத்து வாசலில், கண்ணுக்கு நேரே இருந்தது.